எவ்வளவு மருந்து போதும்?

உங்கள் வகுப்பறையில் 40 நாற்காலிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மாணவர்கள் வந்தால் 30 நாற்காலிகள் நிரம்பும். 40 பேர் வந்தால் எல்லாம் நிரம்பிவிடும். 400 பேர் வந்தால்? அப்போதும் நிரம்புவது 40 நாற்காலிகள்தாம். மீதி 360 பேரும் தாழ்வாரத்தில் நிற்க வேண்டியதுதான்.

இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த எளிய கணக்கை மனத்தில் கொண்டுதான் மும்பையில் சில மருத்துவர்கள், ஏழைகளுக்கு எட்டாத ஒரு புற்றுநோய் மருந்தை அவர்களுக்கு எட்டும்படி செய்ய முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். இரண்டாவது பகுதிதான் கொஞ்சம் கடினம். ஆயினும் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதலில் மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. இவை உடலெங்கும் சுற்றிவரும் காவலர்கள். கிருமி புகுந்த செல்லையும், கெட்டுப்போன செல்லையும் தொட்டுப் பார்த்து அடையாளம் கண்டு அழித்துவிடும். ஆனால் காவலரிடம் ஆயுதம் இருந்தால் மட்டும் போதாது. அதைக் கீழே இறக்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்லவர்களும் அடிபடுவார்கள் அல்லவா? அதற்காக டி செல்லின் மேற்பரப்பிலேயே சில 'நிறுத்து' பொத்தான்கள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு பி.டி.-1 என்று பெயர். ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் 1992இல் இதைக் கண்டுபிடித்தது.

புற்றுநோய்ச் செல் தந்திரம் மிக்கது. தன் மேற்பரப்பில் பி.டி.-எல்1 என்னும் ஒரு புரதத்தை முளைக்கவைத்துக்கொண்டு, தன்னை அழிக்க வரும் டி செல்லின் பி.டி.-1 பொத்தானை அழுத்திவிடுகிறது. காவலர் ஆயுதத்தை இறக்கிவிட்டு, ஒன்றும் நடவாதது போல அப்பால் போய்விடுகிறார். கட்டி வளர்கிறது.

அந்தப் பொத்தானின்மேல் ஒரு மூடியைப் போட்டு மூடிவிட்டால்? புற்றுநோய்ச் செல்லால் அதை அழுத்த முடியாது. டி செல் தன் வேலையைச் செய்யும். இதுதான் இம்மருந்துகளின் தத்துவம். சி.டி.எல்.ஏ.-4 என்ற இன்னொரு பொத்தானை மூடினால் எலிகளில் கட்டிகள் கரைவதை அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசன் 1996இல் காட்டினார். ஆலிசன், ஹோன்ஜோ இருவருக்கும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பி.டி.-1 பொத்தானை மூடும் மருந்துகளில் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய இரண்டும் 2014இல் விற்பனைக்கு அனுமதி பெற்றன. புற்றுநோயை நேரடியாகத் தாக்காமல், உடலின் எதிர்ப்பாற்றலை அவிழ்த்துவிட்டுத் தாக்கவைப்பதால் இம்முறைக்கு நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சை என்று பெயர்.

இது எல்லோருக்கும் பலிப்பதில்லை. பல வகைப் புற்றுநோய்களில் சிறுபான்மையோருக்கே நல்ல பலன் கிடைக்கிறது. சிலருக்கு அவிழ்த்துவிட்ட எதிர்ப்பாற்றல் தைராய்டு சுரப்பியையோ குடலையோ நுரையீரலையோ தாக்கிவிடுவதும் உண்டு. ஆனால் பலன் கிடைப்பவர்களில் சிலர், வேறு எந்த மருந்துக்கும் மசியாத நோயோடு பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். அதனால்தான் இம்மருந்து கிடைக்கிறதா இல்லையா என்பது பெரிய கேள்வியாகிறது.

விலை ஏன் இவ்வளவு?

நிவோலுமாப் என்பது மாத்திரையாக உருட்டக்கூடிய சிறிய வேதிப்பொருள் அன்று. அது ஓர் எதிர்ப்பொருள். அதாவது மிகப் பெரிய புரத மூலக்கூறு. அதை உயிருள்ள செல்கள்தாம் செய்துதர வேண்டும். ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களுக்குள் தேவையான மரபணுவைப் புகுத்தி, பெரிய எஃகுத் தொட்டிகளில் ஊட்டக் கரைசலில் வளர்க்கிறார்கள். செல்கள் சுரக்கும் புரதத்தைப் பலமுறை வடித்துச் சுத்தப்படுத்த வேண்டும். ஒரு கிருமி புகுந்தாலும் தொட்டி முழுவதும் வீண். ஆகவே தயாரிப்புச் செலவு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் விலை முழுவதற்கும் அது காரணமன்று. புதிய மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்திற்கு 20 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அக்காலத்தில் அதை வேறு யாரும் தயாரிக்க முடியாது. போட்டி இல்லாத இடத்தில் விலை என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் வேண்டிய அளவு உண்டாக்கும் வழியை 1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தவர்கள் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் என்ற இருவர். 1984இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த அடிப்படை முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவே இல்லை. இன்றைய விலையுயர்ந்த எதிர்ப்பொருள் மருந்துகள் எல்லாம் அந்தத் திறந்த கதவின் வழியாக வந்தவைதாம்.

விளைவு என்ன? வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும், இம்மருந்து தேவைப்படும் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான் அதைப் பெறுகிறார்கள் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் எழுதியுள்ளார்கள். மற்ற 97 பேருக்கு மருந்து இருக்கிறது என்ற செய்தி மட்டுமே கிடைக்கிறது. பணக்கார நாடுகளிலும் இந்த ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலேயே மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு இச்சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் நாட்டில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. உலகில் வாய்ப் புற்றுநோய் காணும் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள். புகையிலை, பாக்கு ஆகியவற்றை மெல்லும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். கூலி வேலை செய்வோர், லாரி ஓட்டுவோர், களைப்பை மறக்கப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வோர் என இந்நோய் அதிகம் தாக்குவது வருமானம் குறைந்தவர்களையே. யாருக்கு மருந்து அதிகம் தேவையோ, அவர்களிடமே பணம் இல்லை.

நாற்காலிக் கணக்கு

இப்போது வகுப்பறைக்குத் திரும்புவோம். டி செல்லின்மேல் உள்ள பி.டி.-1 பொத்தான்கள் நாற்காலிகள். மருந்து மூலக்கூறுகள் மாணவர்கள். எல்லாப் பொத்தான்களும் மூடப்பட்ட பிறகு மேலும் மருந்தை ஊற்றுவதால் என்ன பயன்?

உண்மையில் மூலக்கூறுகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருப்பதில்லை. சில எழுந்து போகும், வேறு சில வந்து அமரும். ஆகையால் வேதியியலார் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மருந்தின் செறிவை செ என்றும், பாதிப் பொத்தான்கள் நிரம்பத் தேவையான செறிவை பா என்றும் கொள்வோம். அப்படியானால் நிரம்பிய பொத்தான்களின் பங்கு = செ ÷ (செ + பா).

பா = 1 என்று வைத்துக் கணக்கிடுங்கள். செ = 1 ஆனால் 50 விழுக்காடு நிரம்பும். செ = 3 ஆனால் 75 விழுக்காடு. செ = 9 ஆனால் 90 விழுக்காடு. 99 விழுக்காடு நிரம்ப வேண்டுமானால் செ = 99 ஆக வேண்டும்! ஒரு வரைபடத்தாளை எடுத்து இப்புள்ளிகளைக் குறித்துப் பாருங்கள். கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு வளைந்து, கடைசியில் படுத்துவிடும். 90இலிருந்து 99க்குப் போக, அதாவது இன்னும் 9 விழுக்காடு கூட, மருந்தைப் பதினொரு மடங்காக்க வேண்டியிருக்கிறது. படுத்துக் கிடக்கும் அந்தப் பகுதியில்தான் பணம் கரைகிறது.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. நிவோலுமாபை மனிதர்களுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3, 1, 3, 10 மில்லிகிராம் என நான்கு அளவுகளில் ஒரே ஒரு முறை மருந்தைச் செலுத்தி, சுமார் இரண்டு மாதம் கழித்து இரத்தத்திலுள்ள டி செல்களைச் சோதித்தார்கள். எல்லா அளவுகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியாக, சராசரியாக 72 விழுக்காடு பொத்தான்கள் மூடியே இருந்தன. மருந்து 33 மடங்கு கூடியும் நாற்காலிகள் நிரம்பியதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியிருக்க, நடைமுறையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றும், பின்னர் எல்லோருக்கும் பொதுவாக 240 மில்லிகிராம் என்றும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏன் நிர்ணயித்தார்கள்? இதில் பழைய பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. முந்தைய புற்றுநோய் மருந்துகள் செல்லைக் கொல்லும் நச்சுகள். அங்கே மருந்து கூடக்கூட அதிகப் புற்றுநோய்ச் செல்கள் மடியும். நோயாளி தாங்கக்கூடிய உச்ச அளவைத் தேடுவதே முறை. பொத்தானை மூடும் மருந்துக்கு அந்தத் தர்க்கம் பொருந்தாது. ஆயினும் இரத்தத்தில் ஓடும் டி செல்லின் பொத்தான் மூடியிருப்பதாலேயே, கட்டியின் உள்ளே புகுந்த டி செல்லிலும் மூடியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் அளவைச் சற்றுக் கூட்டியே வைப்பது மருந்து செய்பவருக்குப் பாதுகாப்பு. அதற்கான செலவோ நோயாளியுடையது.

மும்பைச் சோதனை

டாடா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் விஜய் பாட்டீல், டாக்டர் குமார் பிரபாஷ் முதலிய மருத்துவர்கள் ஒரு துணிவான சோதனையைச் செய்தார்கள். அதன் முடிவு 2022 அக்டோபரில் 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி' என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றி, முழுதாகக் குணப்படுத்த இயலாத நிலையை அடைந்த 151 நோயாளிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவுசெய்தார்கள். மருத்துவரின் விருப்பு வெறுப்பு இதில் நுழையக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. 75 பேருக்கு மெத்தோடிரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் என்ற மூன்று மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்தார்கள். இவை விலை மலிவானவை. அந்த மருத்துவமனையில் முன்பே கையாளப்பட்டவை. மற்ற 76 பேருக்கு அதே மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிவோலுமாப். எவ்வளவு தெரியுமா? 20 மில்லிகிராம் மட்டும்.

50 கிலோ எடையுள்ளவருக்கு 20 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். மேலே சொன்ன 0.3ஐ விடச் சற்று அதிகம் என்பதைக் கவனியுங்கள். இந்த எண் குருட்டாம்போக்கில் எடுத்ததன்று. இப்போது ஆறு வாரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான முறையில் 240 மில்லிகிராம் மூன்று தடவை, ஆக 720 மில்லிகிராம். மும்பை முறையில் 20 மில்லிகிராம் இரண்டு தடவை, ஆக 40 மில்லிகிராம். பதினெட்டில் ஒரு பங்கு!

ஓராண்டு கழிந்தபோது, மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள். சிறிதளவு நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள். ஓராண்டு என்பது நமக்குச் சிறிய காலமாகத் தோன்றலாம். மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் ஒரு தகப்பனாருக்கு அது சிறிய காலம் அன்று. கடுமையான பக்கவிளைவுகள் இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன.

சோதனை சொல்லாதது

இனி, முதலில் சொன்ன கடினமான பகுதி. 'குறைந்த அளவு மருந்து, முழு அளவு மருந்துக்குச் சமம்' என்று மும்பைச் சோதனை நிறுவிவிட்டதா? நிறுவவில்லை. அது ஒப்பிட்டது குறைந்த அளவையும் ஒன்றுமே இல்லாததையும். முழு அளவு பெற்ற பிரிவு அந்தச் சோதனையில் இல்லை. ஒன்றும் கிடைக்காத 97 பேருக்கு, ஒன்றுமில்லாததை விடக் குறைந்த அளவு மேல் என்பதைத்தான் அது காட்டியது. அவர்களைப் பொறுத்தவரையில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். முழு அளவை வாங்கக்கூடிய மற்ற மூவரின் கேள்வி வேறு.

சிலர் குறுக்குவழியில் போவார்கள். நிவோலுமாபின் முழு அளவை இதே நோயில் சோதித்த இன்னொரு பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. அதில் மருந்து பெற்றவர்களில் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 36 விழுக்காடு. 'பார்த்தீர்களா, மும்பையில் 43.4! குறைந்த அளவே மேல்' என்று சொல்லத் தோன்றும். இது தவறான வாதம். அந்த நோயாளிகள் வேறு, இவர்கள் வேறு. நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதும் வேறு. அங்கே மாத்திரைகள் சேர்க்கப்படவில்லை. இரண்டு பள்ளிகளில் வெவ்வேறு வினாத்தாளில் எடுத்த மதிப்பெண்களை ஒப்பிட்டு எந்த மாணவர் கெட்டிக்காரர் என்று தீர்மானிப்பதைப் போன்றது அது.

அப்படியானால் முழு அளவையும் குறைந்த அளவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுவிட வேண்டியதுதானே? இங்கேதான் புள்ளியியல் குறுக்கே நிற்கிறது. பெரிய வேறுபாட்டைக் காணச் சிலரே போதும். சிறிய வேறுபாடுகூட இல்லை என்று உறுதியாகச் சொல்லப் பலர் வேண்டும். காண வேண்டிய வேறுபாடு பாதியானால், தேவையான ஆட்கள் நான்கு மடங்கு. மும்பையில் வேறுபாடு சுமார் 27 விழுக்காடு. 151 பேர் போதுமானதாயிற்று. 5 விழுக்காடு அளவுக்குக்கூட வேறுபாடு இல்லை என்று காட்ட வேண்டுமானால்? 27 ÷ 5 = 5.4. அதன் வர்க்கம் சுமார் 29. ஆகவே 151 × 29, அதாவது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். இது தோராயக் கணக்குதான். ஆனால் மலைப்பின் உயரம் தெரிகிறதல்லவா?

அவ்வளவு பெரிய சோதனைக்கு யார் பணம் தருவார்கள்? மருந்து நிறுவனம் தராது. தன் சரக்கைப் பதினெட்டில் ஒரு பங்கு விற்றால் போதும் என்று நிரூபிக்க எந்த வியாபாரி செலவு செய்வார்? ஆகவே இப்படிப்பட்ட ஆய்வுகளை அரசுகளும் பொது நிறுவனங்களும் காப்பீட்டு அமைப்புகளும்தாம் நடத்த வேண்டும். நெதர்லாந்தில் நுரையீரல் புற்றுநோய்க்குப் பெம்ப்ரோலிசுமாபின் குறைத்த அளவை வழக்கமான அளவோடு ஒப்பிடும் சோதனையைத் தொடங்கியிருக்கிறார்கள். பணக்கார நாடுகளுக்கும் இந்த மருந்துச் செலவு சுமையாகிவிட்டது என்பதற்கு இது அடையாளம்.

'ஏழைக்கு ஓர் அளவு, பணக்காரருக்கு ஓர் அளவா?' என்று நீங்கள் கோபப்படலாம். நியாயமான கோபம். குறைந்த அளவு என்பது ஏழைக்குப் போடும் மிச்சமாக நின்றுவிட்டால் அது ஏற்றத்தாழ்வைக் குறைத்ததாகாது. அதற்கு ஒரு சீட்டு ஒட்டியதாகவே ஆகும். ஆனால் சோதித்துப் பார்த்து, குறைந்த அளவே போதும் என்று நாளை நிரூபணமானால், இன்று முழு அளவு வாங்குவோரும் தேவையில்லாமல் செலவு செய்திருக்கிறார்கள் என்றாகும். அப்போது அளவு எல்லோருக்கும் ஒன்றாகிவிடும். சோதிக்காமல் விட்டால்தான் இரண்டு அளவுகள் நிலைத்துவிடும்.

வேறு வழிகள்

மருந்தின் அளவைக் குறைப்பது ஒரு வழி மட்டுமே. நாமே தயாரிப்பது இன்னொரு வழி. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, புற்றுநோய்ச் செல்லை இனங்காணும் புதிய மரபணுவை அவற்றில் புகுத்தி, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்தும் கார்-டி சிகிச்சையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012இல் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய் முற்றிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இதனால் பிழைத்தாள். 2017இல் அங்கே விற்பனைக்கு வந்தபோது ஒருவருக்கான விலை 4,75,000 டாலர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வாரின் குழு, டாடா நினைவு மையத்துடன் சேர்ந்து இதை இந்தியாவிலேயே உருவாக்கியது. நெக்ஸ்கார்19 என்ற அச்சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. விலை வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனாலும் சில பத்து லட்சம் ரூபாய் என்பது, நிலத்தை விற்றாலும் பல குடும்பங்களால் புரட்ட முடியாத தொகை.

விலை மலிவாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. எதிர்ப்பாற்றல் சிகிச்சைகளில் பழையதும் மலிவானதுமான ஒன்று உங்கள் கையிலேயே தழும்பாக இருக்கக்கூடும். காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. ஊசிதான் அது! நம் சென்னை கிண்டியில் 1948 முதல் இத்தடுப்பூசி ஆய்வகம் இருந்துவருகிறது. இதே பி.சி.ஜி. கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால், அங்குள்ள ஆரம்ப நிலைப் புற்றுநோய் மீண்டும் வருவது குறைகிறது என்று கனடாவில் ஆல்வாரோ மொராலஸ் 1976இல் எழுதினார். இன்றும் அது சிறந்த சிகிச்சையாக விளங்குகிறது. ஆனால் 2012இல் கனடாவின் டொராண்டோவில் இதைச் செய்துவந்த தொழிற்சாலையில் வெள்ளம் புகுந்து உற்பத்தி நின்றது. சில ஆண்டுகளில் அந்நிறுவனம் இம்மருந்தையே கைவிட்டது. பல நாடுகளில் நோயாளிகள் தவித்தார்கள். ஆதாயம் குறைவான மருந்தைச் செய்ய முன்வருவோர் சிலரே. அவர்களில் ஒருவர் விலகினாலும் தட்டுப்பாடுதான்.

சேர்ந்து வாங்குவதும் ஒரு வழி. 2012இல் தோன்றிய தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் இந்தியா முழுவதிலுமிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளும் நிறுவனங்களும் இணைந்துள்ளன. அவற்றுள் சில, 40 மருந்துகளை ஒன்றாகப் பேரம் பேசி வாங்கியபோது, அச்சிட்ட விலையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மிச்சமாயிற்று. ஒரு மூட்டையாக வாங்குவதற்கும் அரைக் கிலோவாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலியவற்றுக்கும் பெம்ப்ரோலிசுமாபைச் சேர்த்தது. பட்டியலில் பெயர் ஏறியவுடன் மருந்து வந்துவிடாது. ஆயினும் அரசுகள் விலை பேசும்போது அது ஒரு பிடிமானம்.

மருந்து இலவசமாகவே கிடைத்தாலும், அதை ஏற்றிக்கொள்ள இருநூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பேருந்துக் கட்டணம், உடன் வருபவரின் ஒருநாள் கூலி, தங்க இடம், சோறு. கட்டியில் பி.டி.-எல்1 எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் சோதனைக்கு நல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். பக்கவிளைவு வந்தால் உடனே கண்டுகொள்ளும் மருத்துவர் அருகில் வேண்டும். மாவட்டத் தலைநகரிலேயே ஊசியைப் போட்டுக்கொள்ள முடிந்தால் பலர் பாதியில் நிறுத்த மாட்டார்கள்.

குப்பியைப் பங்கிடுதல்

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. நிவோலுமாபின் மிகச் சிறிய குப்பியில் 40 மில்லிகிராம் இருக்கிறது. தேவையோ 20. திறந்த குப்பியை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்க முடியாது, கிருமி புகுந்துவிடும். ஆகவே ஒரே சிகிச்சை பெறும் இருவரை ஒரே நாளில் வரச்சொல்லி, தூய்மையான காற்று மட்டும் பாயும் பெட்டிக்குள் வைத்து ஒரு குப்பியைப் பங்கிட வேண்டும். மருந்தாளுநரின் நாட்குறிப்பேடும் இங்கே ஒரு விஞ்ஞானக் கருவியாகிவிடுகிறது.

நீங்களே இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெம்ப்ரோலிசுமாப் முதலில் அனுமதி பெற்றபோது அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம். பின்னர் எல்லோருக்கும் 200 மில்லிகிராம் என்று மாற்றினார்கள். ஒரு குப்பியில் 100 மில்லிகிராம். ஒரே நாளில் வரும் மூன்று நோயாளிகளின் எடை 48, 55, 62 கிலோ. (1) எல்லோருக்கும் 200 மில்லிகிராம் என்றால் எத்தனை குப்பிகள்? (2) எடைக்கேற்பக் கொடுத்து, குப்பியைப் பங்கிடாவிட்டால்? (3) எடைக்கேற்பக் கொடுத்து, குப்பியையும் பங்கிட்டால்? (4) மூன்றாவது முறையில் கடைசிக் குப்பியில் மிஞ்சும் மருந்து எவ்வளவு? அதை வீணாக்காமலிருக்க நான்காவதாக எத்தனை கிலோ எடையுள்ளவரை அன்று வரச்சொல்லலாம்?

விடைகள்: (1) 6. (2) 5. (3) 4. (4) 70 மில்லிகிராம், 35 கிலோ. அப்படி ஒருவர் கிடைப்பது அரிது. 60 கிலோ எடையுள்ளவர் வந்தால் எத்தனை குப்பிகள் ஆகும், எவ்வளவு மிஞ்சும் என்று அடுத்துப் போட்டுப் பாருங்கள்.